சூடு பண்ணிய நன்றி

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் அதை எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கப்பல் முதலாளி ஓடிப்போய்விட்டார், வழக்கு முடியும்வரை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளி நூலகத்தின் பெரிய வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். சுண்டுவிரலை வைத்தால் கப்பலும் துறைமுகமும் ஒரே நகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு பக்கத்தில் கரை இருக்கும்போது ஒரு படகில் ஏறி வந்துவிட முடியாதா? தப்பு செய்தது முதலாளி. சமையல்காரர் எதற்கு நிற்க வேண்டும்?

மேசையில் நம் சட்டம் தவறாமல் நடக்கிறது. சாப்பிடும் முன் ஆளுக்கு ஒரு நன்றி. அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லக் கூடாது. "ஆண்டவருக்கு நேத்து சாப்பாட்ட சூடு பண்ணிப் போடாதீங்க" என்று நீங்கள் சொல்வதை இப்போது நான்தான் சொல்கிறேன். ஆனால் அம்மா ஏமாற்றுகிறார். நேற்று, "உக்காந்து தைக்க ஒரு நாற்காலி இருக்கே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

"அம்மா, இது முந்தாநாளே சொன்னது!"

"முந்தாநாளும் இதே கால்தாண்டி வலிச்சுது. இதே நாற்காலிதான் தாங்குச்சு. நான் என்ன பண்ணட்டும், ஆண்டவர்கிட்ட புதுக் காலா கேக்கட்டும்?"

நீங்கள் வந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் நன்றி: நூலக ஆசிரியை ஒரு புத்தகத்துக்குப் பதில் இரண்டு தந்தார். ஒன்றை வழியிலேயே படித்து முடித்துவிட்டேன், ஒரு கம்பத்தில் இடித்துக்கொண்டேன்.

எப்போது வருவீர்கள் என்று எழுதுங்கள். "சீக்கிரம்" என்று எழுதாதீர்கள், தேதி எழுதுங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா


மார்ச் 29

வாத்தியாரம்மாவுக்கு அப்பா எழுதுவது.

சுகம்தான். தலை, கை, கால், வயிறு எல்லாம் வருகைப் பதிவில் இருக்கின்றன. அம்மாவின் முழங்காலைப் பற்றி நான் படித்ததாக அம்மாவிடம் சொல்லாதே. கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே?

தேதி என்னிடம் இல்லை கண்ணு. ஆளில்லாமல் கப்பலை விடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்தொன்பது பேர் இருந்தோம். வயது, காய்ச்சல் என்று பத்துப் பேரை இறக்கிவிட்டார்கள். மிச்சம் ஒன்பது பேர் சாப்பிட வேண்டும், அதனால் சமையல்காரனும் மிச்சத்தில் இருக்கிறான்.

என் பக்கத்துப் படுக்கைக்காரர் இயந்திர அறையில் வேலை பார்ப்பவர். அவர் சட்டையில் இல்லாத கறை கிடையாது, எல்லோரும் 'கிரீஸ்' என்றே கூப்பிடுகிறோம். இயந்திரம் ஓடாததால் என் சமையலறைக்கு வந்து கரண்டிகளுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறார்.

"யோவ், கரண்டிக்கு எதுக்குய்யா எண்ணெய்?"

"சும்மா கெடந்தா துருப்பிடிச்சுரும்ல. கரண்டியச் சொல்லல. என்னச் சொன்னேன்."

துறைமுகத்துப் போதகர் வாரம் ஒருமுறை படகில் வந்து ஜெபித்துவிட்டு, கடிதங்களை வாங்கிப் போகிறார்.

நங்கூரம் போட்ட கப்பல் சும்மா நிற்கும் என்றுதானே நினைப்பாய்? நிற்காது. நீரோட்டம் மாறும்போதெல்லாம் முழுதாகத் திரும்பிக்கொள்ளும். அதனால் சமையலறையின் வட்ட ஜன்னலில் ஒரு நேரம் ஊர் தெரிகிறது, ஒரு நேரம் கடல் தெரிகிறது. நான் ஓர் அடிகூட நகரவில்லை. இன்றைய நன்றி அந்த வட்ட ஜன்னலுக்கு. தினமும் ஒன்றைச் சமையல் குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். வந்ததும் நீ சிவப்பு மையில் திருத்தலாம். ஒன்றுகூட இரண்டாம் முறை வராது.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் எங்களை நன்றாக வைத்திருக்கிறார். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. இனிமேல் கடிதங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், நம் சபை முகவரிக்கு அனுப்புங்கள். தபால்காரர் மாறிவிட்டார். புதியவர் ஒரு வீட்டுக் கடிதத்தை இன்னொரு வீட்டில் போட்டுவிடுகிறார். மற்றபடி வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாவும் "எல்லாம் அப்படியே இருக்குன்னு எழுது" என்றார்.

பள்ளியில் 'காத்திருத்தல்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் ஏழு பக்கம் எழுதினேன். ஆசிரியை, "உன் கட்டுரை முடியும்னு நானும் காத்திருந்தேன்" என்று கீழே எழுதியிருக்கிறார். பாராட்டா கேலியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் நன்றி: மூன்று மணி வெயில் நம் சமையலறைச் சுவரில் விழுந்தது. என் உயரத்தை வருஷாவருஷம் நீங்கள் பென்சிலால் குறித்த கோடுகள் எல்லாம் தங்க நிறமாகிவிட்டன.

தண்ணீர் கிடைக்கிறதா? என்ன சமைக்கிறீர்கள்?

உங்கள் வாத்தியாரம்மா


மே 20

வாத்தியாரம்மாவுக்கு,

சுகம். அம்மாவின் சுகத்தை நீ எழுதாமலே விசாரிக்கிறேன்.

இப்போது ஆறு பேர். மின்சாரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். மழை பெய்தால் தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் பிடிக்கிறோம். என்ன சமைக்கிறேன் என்று கேட்டாய். அரிசி. நாளைக்கு மாறுதலாக அரிசி.

அடுப்புக்கடியில் மறந்துபோன ஒரு வெங்காயம் முளைவிட்டிருந்தது. தகர டப்பாவில் நடலாம் என்றால் மண்ணுக்கு எங்கே போவது? போதகர் ஒரு பை மண் கொண்டுவந்தார். "எல்லாரும் எங்கிட்ட சிகரெட் கேப்பாங்க, நீங்க மண்ணு கேக்குறீங்க" என்றார். இன்றைய நன்றி அந்த மண்ணுக்கு. நான்கு மாதத்தில் நான் தொட்ட முதல் தரை.

வீட்டில் எல்லாம் அப்படியே இருப்பதாக எழுதினாய். சந்தோஷம். அம்மாவின் தையல் மெஷின் எந்தப் பக்கம் இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். கண்ணை மூடினால் அந்த இடம் மட்டும் சரியாக வரவில்லை.

அப்பா


ஜூன் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மெஷின் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. தெருப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே. அம்மா தைத்துக்கொண்டே தெருவில் போகிறவர்களிடம் பேசுவாரே, அதே இடம். கையெழுத்து ஆடியிருந்தால் மன்னியுங்கள், அவசரமாக எழுதுகிறேன்.

என் நன்றி: வாசல் படியில் உட்கார்ந்து ஒரு முழுக் கதையை யாரும் கூப்பிடாமல் படித்து முடித்தேன்.

வெங்காயம் எவ்வளவு உயரம்? அடுத்த கடிதத்தில் அளந்து எழுதுங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள்?

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. பள்ளி விட்டதும் சபை அலுவலகத்துக்கு ஓடுகிறேன். எழுத்தர் என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுகிறார், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். நேற்று அவர், "பாப்பா, வந்தா நானே ஓடி வர்றேன், நீ ஓடாத" என்றார். அவருக்கு அறுபது வயது, ஓட மாட்டார்.

புத்தகத்தில் ஒரே வரியை நான்கு முறை படிக்கிறேன். ஒரு வரி எழுதினால்கூடப் போதும். நன்றி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 2

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரும் நலமா? சூடான எண்ணெய் பட்டு என் வலது கைவிரல்கள் கொஞ்சம் வெந்துவிட்டன. பயப்படாதே, சின்னக் காயம். அதனால் நான் சொல்லச் சொல்ல கிரீஸ் எழுதுகிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வழக்கு நல்லபடியாக நடக்கிறது. வெங்காயம் ஒரு சாண் உயரம்.

இன்றைய நன்றி: வட்ட ஜன்னல். ஒரு நேரம் ஊர் தெரிகிறது, ஒரு நேரம் கடல் தெரிகிறது.

நன்றாகப் படி. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


ஆகஸ்ட் 20

மதிப்புக்குரிய கிரீஸ் மாமாவுக்கு,

நலமா மாமா? என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனால் நான் அனுப்பும் கடிதங்களை நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2 கடிதத்தை அப்பா சொல்லவில்லை. வட்ட ஜன்னலுக்கான நன்றியை அப்பா மார்ச் மாதமே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு நன்றியை இரண்டாம் முறை சொல்ல மாட்டோம். சட்டம் போட்டதே அப்பாதான். கை வெந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அதை மறக்க மாட்டார். நீங்கள் அவருடைய நோட்டைப் பார்த்து எடுத்து எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அம்மா அந்தக் கடிதத்தை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு தைக்கிறார். எனக்கு மட்டும் சொல்லுங்கள். அப்பா உயிரோடு இருக்கிறாரா? பதிலில் முதல் வரியாக அதை எழுதுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமையல்காரர் மகள்


செப்டம்பர் 8

அப்பா உயிரோடு இருக்கிறார்.

பாப்பாவுக்கு கிரீஸ் மாமா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இயந்திரம் ஏமாறும், வாத்தியாரம்மா ஏமாற மாட்டாள் என்று உன் அப்பா சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அவர் கையில் காயம் எதுவும் இல்லை. ஜூன் கடைசியில் உன் கடிதம் வந்தது. மெஷின் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது. படித்தார். மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்ப் படுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. சமையலறைக்கு வருவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுகிறார். போதகர் வந்து ஜெபித்தால் கண்ணை மூடிக்கொள்கிறார், ஆமென் சொல்வதில்லை. நோட்டில் ஜூனுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. உன் ஜூலை கடிதத்தைத் தலைமாட்டில் வைத்தேன். பிரிக்கவில்லை.

நீ பயந்துவிடக் கூடாதே என்று எழுதினேன். நோட்டில் நன்றாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு ஜெபமும் அவ்வளவாகத் தெரியாது. வெங்காயத்துக்கு மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

கிரீஸ்


செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று இதுவரை எழுதியதில் பாதிதான் உண்மை. இன்று முழுவதையும் எழுதுகிறேன். நீங்கள் படிக்காவிட்டால் கிரீஸ் மாமா உரக்கப் படித்துக் காட்டட்டும்.

ஏப்ரல் முதல் வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டோம். வாடகை கொடுக்க முடியவில்லை. தபால்காரர் மாறவில்லை, நாங்கள்தான் மாறினோம். மூன்று மணி வெயில் அந்தச் சுவரில் விழுந்திருக்கும், ஆனால் அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. வாசல் படியும் இல்லை. எல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சூடு பண்ணியவை. உங்களை நிம்மதியாக வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். கடைசியில் உங்களைப் படுக்க வைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

இப்போது நாங்கள் ஓர் அச்சகத்துக்கு மேலே, ஒரே அறையில் இருக்கிறோம். கீழே இயந்திரம் ஓடினால் தரை அதிரும். கத்தரிக்கோல் மேசையில் தானாக நடந்து விளிம்புக்குப் போகும். அம்மா தைத்துக்கொண்டே, "எங்கடி போற, இங்க வா" என்று அதைப் பிடித்து இழுப்பார். மெஷினுக்கு ஜன்னல் இல்லை, கதவுப் பக்கம் இருக்கிறது. அம்மா இப்போது படியேறி வரும் எல்லோரிடமும் பேசுகிறார்.

அச்சகத்து ஃபோர்மேன் பாழான தாள்களை எனக்குத் தருகிறார். இந்தக் கடிதமும் அப்படி ஒரு தாள்தான், திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சாகி, மை தீற்றிப்போனது. மடிக்காத தாள் என்பதால் முப்பத்துமூன்றாம் பக்கத்துக்குப் பிறகு முப்பத்தாறு வரும், சில பக்கங்கள் தலைகீழாக இருக்கும். நடுவில் இல்லாத பக்கங்களை நானும் அம்மாவும் நாங்களே சொல்லிக்கொள்கிறோம். அம்மா எல்லாப் பாத்திரங்களுக்கும் உடனே கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார். இப்படி ஒரு வாசிப்பு எனக்குப் பழைய வீட்டில் கிடைத்ததில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று அம்மா தையல் நாடாவால் சுவரில் இருந்த என் உயரக் கோடுகளை எல்லாம் அளந்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரியாது. போன வாரம்தான் அதை எடுத்து, துணிக்குக் கோடு போடும் சுண்ணக்கட்டியால் இந்தச் சுவரில் ஒவ்வொன்றாகக் குறித்தார். மேலே இந்த வருஷத்துக் கோட்டுக்கு இடம் விட்டிருக்கிறார். "அத ஒங்கப்பா வந்து போடட்டும்" என்றார்.

நேற்று மேசையில் எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. மாமாவின் கடிதம் பையில் இருந்தது. அழுதுவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டார். பிறகு, "அஞ்சாயிரம் பேரு சாப்பிட்டு முடிச்சதும் மிச்சத்தப் பொறுக்கச் சொன்னாரே இயேசப்பா, பன்னெண்டு கூடை, அத என்ன பண்ணிருப்பாங்க?" என்றார்.

"தெரியலம்மா."

"கடல்லயா கொட்டிருப்பாங்க? அடுத்த நாள் சூடு பண்ணித்தான் சாப்பிட்டிருப்பாங்க. அவரும் சாப்பிட்டிருப்பாரு. ஒங்கப்பாகிட்ட எழுது. புதுசா ஒண்ணும் இல்லாத அன்னைக்குப் பழசு போதும்னு எழுது."

எழுதிவிட்டேன். அம்மாவின் நன்றி, ஆறு மாதமாக அதே நாற்காலி. என் நன்றி, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். இதை நாளைக்கும் சொல்வேன்.

உங்கள் மகள்


அக்டோபர் 12

வாத்தியாரம்மாவுக்கும் அம்மாவுக்கும்,

எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். அதுவரைக்கும் சுகம்.

உன் ஏப்ரல் கடிதத்திலேயே அச்சு மை வாசனை அடித்தது. சமையல்காரன் மூக்கு, என்ன செய்ய? நம் தெருவில் அச்சகம் கிடையாது. நீ எழுதிய வெயிலை நம்ப ஆசைப்பட்டேன். அதனால் மெஷினைப் பற்றிக் கேட்டுச் சோதித்தேன். பிள்ளையைச் சோதித்தது என் தப்பு. ஜூன் கடிதத்தின் மூலையில் அதே மையில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. வீடு போயிருக்கிறது, என் பிள்ளை அதை மறைத்து எனக்கு நன்றி அனுப்புகிறாள், நான் இங்கே ஜன்னல் அழகைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஆண்டவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் சண்டைதான் வரும் போல இருந்தது. அதனால் மூடிக்கொண்டேன்.

உன் கடிதத்தை கிரீஸ் உரக்கப் படித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். படித்து முடித்ததும் தாளைத் திருப்பிக் கதையையும் படிக்க ஆரம்பித்தார். நான்கு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முப்பத்தாறாம் பக்கத்தில் ஒரு பெண் அடுப்பை மூட்டி, எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே மீனைச் சட்டியில் போட்டாள். நானும் எவ்வளவுதான் பொறுப்பேன்?

"எண்ணெ காயாம மீனப் போட்டா ஒட்டிக்கும்யா! எழுதினவன் அடுப்புப் பக்கமே போனதில்ல!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். கிரீஸ், "அப்ப நீ வந்து பொரிச்சுக் காட்டுய்யா" என்றார். கரண்டியை என் கையில் திணித்தார். மீன் இல்லை. வெங்காயத்தாளை நறுக்கி அரிசியில் போட்டேன். ஆறு பேர் சாப்பிட்டோம். நன்றி சொல்லச் சொன்னார்கள். எனக்கு வந்தது ஒரே ஒரு ஆமென். சொன்னேன்.

நாற்பத்தெட்டாம் பக்கத்தில் அவள் கதவைத் திறக்கிறாள், வெளியே யார் என்று தெரியவில்லை. இங்கே பெரிய சண்டை. அண்ணன் என்கிறார்கள், கடன்காரன் என்கிறார்கள். அடுத்த தாளை அனுப்பு. ஃபோர்மேன் ஐயாவுக்கு ஆறு பேரின் வணக்கம் சொல்.

அடுத்த மாதம் நான்காம் தேதி வழக்கு வருகிறது என்று போதகர் சொல்கிறார். இதுபோல முன்பும் இரண்டு முறை வந்து போயிற்று. அதனால் உனக்கு இன்னும் தேதி தர முடியவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மறைக்கவில்லை, இனி மறைக்க மாட்டேன். அந்தச் சுண்ணக்கட்டியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

அம்மா நாற்காலி வழக்கில் ஜெயித்துவிட்டாள். சட்டம் திருத்தப்படுகிறது. இன்றைய நன்றி, சூடு பண்ணியதுதான்: வட்ட ஜன்னல். எழுதிக்கொண்டிருக்கும்போதே கப்பல் திரும்பிவிட்டது. இப்போது ஊர் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா

இது நான் எழுதியதுதான். சந்தேகம் இருந்தால் தாளை முகர்ந்து பார். வெங்காயம்.